கோடாலிச் சிலுவையும் தெக்லா புயாக்கும்

தெக்லா புயாக்கை ஏமாற்றிப் பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தவர் எங்கள் யவோரெக் ஊரில் எவரும் இல்லை. முயன்றவர்கள் உண்டு. அவர்களின் பெயரை அவளும் மறக்கமாட்டாள், மற்றவர்களையும் மறக்க விடமாட்டாள். "லாக்டோமீட்டர் எதுக்குங்க? கேன் மூடியத் திறக்கறப்ப உங்க மூஞ்சியப் பாத்தாலே போதுமே" என்பாள். விடிந்ததும் விடியாததுமாக அவள் பொறுப்பிலிருந்த பால் நிலையத்தின் முன் வரிசையில் நிற்கும் ஆண்கள், வீட்டில் எவருக்கும் அடங்காதவர்கள்கூட, அவள் முன்னால் வாயைத் திறக்கமாட்டார்கள்.

நல்ல உயரம். தலையில் பூப்போட்ட துணி, காலில் ரப்பர் பூட்ஸ். நடந்து வந்தால் தலை நிமிர்ந்தே இருக்கும். திமிர் பிடித்தவள் என்று சிலர் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஊருக்கு ஒரு திமிர் பிடித்த ஆள் வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து ஊர்க்காரன் நம் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

ஆனால் அவளுடைய பெருமையெல்லாம் பாலில் இல்லை, பால் நிலையத்துக்குப் பக்கத்தில் சாலையோரம் நின்ற சிலுவையில் இருந்தது. பெரிய சிலுவை ஒன்றும் இல்லை. இடுப்பளவு உயரம், ஒரே கருங்கல்லில் வெட்டியது, குட்டைக் கைகள், பாதி உடம்பு மண்ணுக்குள். நடுவில் ஒரு கோடாலி செதுக்கியிருக்கும். அந்தக் கோடாலியைக் கண்டுபிடித்தவளே தெக்லாதான்.

போர் முடிந்த மறு வருஷம் அது. எல்லைக் கோட்டை மாற்றி வரைந்ததில் கிழக்கே இருந்த எங்கள் ஊர்களெல்லாம் வேறு நாட்டுக்குப் போய்விட, அவற்றை விட்டுவிட்டு, மாடு, கோழி, தையல் மெஷின் சகிதம் சரக்கு ரயிலில் வந்து இங்கே இறங்கினோம். ஏற்கெனவே இங்கிருந்த ஜெர்மானியர்களை மேற்கே அனுப்பிவிட்டார்கள். வீடுகள் இருந்தன, கிணறுகள் இருந்தன, எது என்ன என்று கேட்பதற்கு ஓர் ஆள் இல்லை. அப்போது தெக்லாவுக்குப் பத்தொன்பது வயது. காஞ்சொறிப் புதருக்குள் ஏதோ கல் தெரிகிறதே என்று ஆட்டைக் கட்டப் போனவள், அது சிலுவை என்று தெரிந்ததும் ஆட்டை விட்டுவிட்டாள். கம்பி பிரஷ்ஷை எடுத்து வந்து நாள் முழுக்கப் பாசியைத் தேய்த்தாள். சாயங்காலம் கோடாலி தெரிந்தது. கோடாலி பிடித்த புனிதர் யார்? மாதாவின் கணவர், தச்சரான சூசையப்பர்தானே! தெருவெல்லாம் ஓடிக் கத்தினாள்: "சூசையப்பர் நமக்கு முன்னாடியே வந்து நின்னுட்டு இருக்காருங்க! வீடு கட்டிக் குடுக்க வந்திருக்காரு!"

ஊரை இழந்து வந்த சனம். அந்தச் சொல்லைக் கேட்டு அழாதவர்கள் கிடையாது. அன்றிலிருந்து அது சூசையப்பர் சிலுவை. கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை வந்து அந்தக் கோடாலியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கோவிலுக்குப் போவான், சூசையப்பரைப் போல நல்ல புருஷனாக இருக்கவேண்டும் என்று. மே மாதம் வந்துவிட்டால் தினமும் சாயங்காலம் மாதா வணக்கம் அங்கேதான். சிலுவைக்கு ரிப்பன் கட்டி, ஜாம் பாட்டில்களில் லைலாக் பூ வைத்து, ஊரே நின்று மன்றாட்டு மாலை பாடும். முன்னால் நின்று எடுத்துக் கொடுப்பவள் தெக்லா. சுருதி கொஞ்சம் முன்னே பின்னே போகும், சத்தத்தில் மட்டும் குறை வைக்கமாட்டாள். பக்கத்து லிப்னிட்சாவில் என்ன இருக்கிறது? பாலத்தடியில் மூக்குடைந்த ஒரு சிலை. பாவம், அவர்களுக்கு அதுதான்.

இப்படிப்பட்ட தெக்லாவுக்கும் ஒரு தலைகுனிவு இருந்தது. அவள் தம்பி ஃபெலிக்ஸ்.

ஒரு வருஷம் அறுவடைத் திருநாள் நடனத்தில் அவனுக்கும் எங்கள் ஊர் வலெந்தி கவ்ரோனுக்கும் போதை. வலெந்தி, "உன் குதிரை நொண்டி" என்று சொல்லப்போக, ஃபெலிக்ஸ் வேலியிலிருந்து ஒரு கம்பைப் பிடுங்கி அடித்தான். எங்கள் பக்கத்தில் வேலிக் கம்பு பிடுங்காமல் எந்தக் கொண்டாட்டமும் முடிந்ததில்லை. வழக்கமாக மறுநாள் இரண்டு தரப்பும் வெள்ளரிக்காய் ஊறிய உப்புத் தண்ணீரைக் குடித்துத் தலைவலியைத் தீர்த்துக்கொண்டு சமாதானமாகிவிடும். அந்த முறை வலெந்தி எழுந்திருக்கவில்லை. அவன் மனைவி மர்செலா அப்போது முப்பது வயதுகூட ஆகாதவள்.

ஃபெலிக்ஸ் சிறைக்குப் போனான், ஆறாம் வருஷம் தண்டனை முடிந்து திரும்பி வந்தான், அரசுப் பண்ணையில் குதிரை பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தான். வந்த வருஷம் மே மாதத்தில் ஒரு சாயங்காலம், எல்லாருக்கும் பின்னால், சாலையோரத்து லிண்டன் மரத்தை ஒட்டி வந்து நின்றான். தெக்லா பார்த்துவிட்டாள். பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவனிடம் போனாள்.

"இது சூசையப்பர் நிக்கற இடம். ரத்தம் பட்ட கையோட இங்க வராத. போ."

அவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். தெக்லா திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தாள். சொந்தத் தம்பி என்றுகூடப் பார்க்கவில்லை பார், இவள் அல்லவா மனுஷி என்று ஊர் மெச்சியது. நானும்தான் மெச்சினேன், ஏன் மறைக்க வேண்டும்? அவன் சட்டையை அவள் துவைத்துக் கொடுத்தாள், ஞாயிற்றுக்கிழமை சூப் கொடுத்தனுப்பினாள், ஆனால் சிலுவைப் பக்கம் விடவில்லை. அவனும் அதற்குப் பிறகு பெரிய சாலையில் நடந்ததே இல்லை. வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவான், வருவான். முன்வரிசையில் நின்று பாடும் மர்செலாவும் தெக்லாவும் பாலைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வார்கள்.

இப்படியே பதினோரு வருஷம் ஓடியது. பிறகு ஓர் ஏப்ரல் மாதம், நினைவுச் சின்னங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்திலிருந்து இர்மினா என்ற இளம்பெண் வந்தாள். சிலுவையை அளந்தாள், படம் எடுத்தாள், பக்கத்தில் ஒரு கம்பம் நட்டாள். பாதுகாக்கப்பட்ட சின்னம், அரசாங்கமே சொல்லிவிட்டது! தெக்லாவுக்குக் கால் தரையில் படவில்லை. பால் நிலையத்தைப் பூட்டக்கூட மறந்து வந்து நின்றாள். லிப்னிட்சாவிலிருந்து பால் லாரி ஓட்டி வரும் லுத்விக்கையும் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினாள், அவன் வயிறெரிய வேண்டும் என்று.

இர்மினா பலகையை மாட்டினாள். தெக்லா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தாள். "பரிகாரச் சிலுவை. பதினைந்தாம் நூற்றாண்டு. கொலைக்குப் பரிகாரமாக நடப்பட்டது..." அவள் குரல் இறங்கிவிட்டது.

"ஏம்மா, பலகைய மாத்திக் கொண்டாந்துட்டியா? இது சூசையப்பர் சிலுவைம்மா. கோடாலி இருக்கு பாரு."

"இல்லைங்கம்மா" என்றாள் இர்மினா, மெதுவாக. "அந்தக் கோடாலியாலதான் கொன்னிருக்கான். அந்தக் காலத்துல ஒருத்தன் இன்னொருத்தனக் கொன்னுட்டா, இப்படி ஒரு சிலுவைய நடச் சொல்லுவாங்க. எதால கொன்னானோ அதையும் அதுல செதுக்குவாங்க. செத்தவன் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்பு வாங்காமச் செத்துட்டான் இல்லையா, அதனால போறவங்க வர்றவங்க அவனுக்காக ஒரு செபம் சொல்லணும்னு. அப்புறம் கொன்னவனும், செத்தவனோட வீட்டுக்காரங்களும் இந்தக் கல்லுக்கு மேல கை குடுத்துக்குவாங்க. அதோட பகை முடிஞ்சுது. பழிவாங்கக் கூடாது."

முதலில் வாயைத் திறந்தவன் லுத்விக்தான், வேறு யார்!

"அடேங்கப்பா! முப்பது வருஷமா கொலைகாரன் கோடாலிக்கா பூ வச்சுக் கும்புட்டீங்க? உங்க ஊர் மாப்பிள்ளைங்க அதத் தொட்டுட்டுதான கல்யாணத்துக்குப் போனானுங்க? இப்பல்ல தெரியுது, ஏன் எங்க ஊர்ப் பொண்ணுங்க உங்க ஊருக்கு வாக்கப்பட பயப்படறாங்கன்னு!"

"உன் லாரிய எடுத்துட்டுப் போறியா, இல்ல உன்ன கேன்ல போட்டு அனுப்பவா?" என்றாள் தெக்லா. கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. முகம் செத்துப்போயிருந்தது.

லுத்விக் அதை லிப்னிட்சா முழுக்கப் பரப்பினான். சந்தைக்குப் போனால், "கோடாலி மாதா மன்றாட்டு எப்ப?" என்று கேட்டார்கள். பங்குச் சாமியாரிடம் கேட்டதற்கு, "சிலுவை சிலுவைதான், பாடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்" என்று நழுவிவிட்டார். மே மாதம் பிறந்தது. முதல் நாள் சாயங்காலம் லைலாக்கோடு ஊர் வந்து காத்திருந்தது, தெக்லா வரவில்லை. எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கலைந்தார்கள். மறுநாளும் அதே கதை. கேலி தாங்காமல் ஒளிந்துகொண்டாள் என்று பேசிக்கொண்டார்கள்.

கேலியா? அதற்கெல்லாம் அசைகிற ஆளா அவள்! வீட்டில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள், தோலோடு பாதிக் கிழங்கையும் சீவிக்கொண்டு. மனசை அறுத்தது வேறு. கொலை செய்தவன் வந்து நிற்பதற்காகவே நட்ட கல் அது. உலகத்தில் எவனுக்காவது அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்க உரிமை இருந்ததென்றால், அது ஃபெலிக்ஸுக்குத்தான். அவனைப் பார்த்துத்தானே போ என்று சொன்னாள்! ஊருக்கு முன்னால், பாட்டை நிறுத்திவிட்டு!

மூன்றாம் நாள் மத்தியானம் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தாள். நேராகப் பண்ணை லாயத்துக்குப் போனாள். ஃபெலிக்ஸ் ஒரு கிழட்டுக் குதிரையின் குளம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான்.

"பலகையில என்ன எழுதியிருக்குன்னு கேள்விப்பட்டியா?"

"கேள்விப்பட்டேன்க்கா. ஊரே பேசுது."

"நான் தப்புப் பண்ணிட்டேன்டா. உன்ன அங்கேருந்து துரத்தியிருக்கக் கூடாது. இன்னிக்குச் சாயங்காலம் வா."

அவன் குளம்பைக் கீழே விட்டான். குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"நீ துரத்தினது சரியா தப்பான்னு நான் யோசிச்சதே இல்லக்கா. துரத்தறதுக்கு ஏத்த வேலையத்தான் பண்ணியிருந்தேன். ஆனா இப்ப நீ கூப்பிட்டா மட்டும் வந்துட முடியுமா? மர்செலா அங்க நிப்பா. அவ சொல்லட்டும், வர்றேன். அவ சொல்லலேன்னா வயல் வழியே எனக்குப் பழகிப்போச்சு."

"அவகிட்ட நானா போயி..."

"அப்ப விட்டுடு."

அக்காவுக்குத் தம்பி இளைத்தவன் இல்லை. தெக்லா பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மர்செலா வீட்டு முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தெக்லா வாசல் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் கையிலிருந்த போர்வையைக் கொடியில் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தப் பதினேழு வருஷத்தில் தெக்லா அந்த வாசலை மிதித்ததில்லை.

"என்னங்க்கா, என் பால்ல தண்ணி கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"இல்ல மர்செலா. உன் பால்ல என்னிக்கும் குறை சொன்னதில்ல." இப்படி ஒரு நாள் வருமென்று அவள் கனவிலும் நினைத்திருக்கமாட்டாள். "ஃபெலிக்ஸ் சிலுவைக்கு வரணும்னு... நீ வேண்டாம்னா வரமாட்டான். கேக்கறதுக்கு எனக்கு யோக்கியத இல்ல. ஆனா கேக்கறேன்."

மர்செலா போர்வையை ஆத்திரமாக உதறினாள். தண்ணீர் தெக்லாவின் முகத்தில் தெறித்தது.

"நான் எப்பக்கா வரவேண்டாம்னு சொன்னேன்? சொன்னது யாரு? நீங்க! அன்னிக்கு நான் முன்னாடி நின்னுட்டிருந்தேன். இவன் இவ்வளவு தூரம் வந்துட்டானே, என்கிட்ட ஏதோ சொல்லத்தான் வந்திருக்கான்னு நெஞ்சு அடிச்சுக்குது. நீங்க போயி துரத்திட்டீங்க. என்னக் கேட்டீங்களா? செத்தது என் புருஷனா, உங்க புருஷனா?"

தெக்லா தலைத் துணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மர்செலா விடவில்லை.

"இந்த ஊரு இருக்கே, ரொம்ப நல்ல ஊரு. எனக்கு மனசு நோகும்னு என் எதிர்ல வலெந்தி பேரையே எடுக்க மாட்டாங்க. பதினேழு வருஷமா ஒருத்தர் வாயில அவன் பேர் வரல. அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்லங்கற மாதிரி! நான் அங்க முன்னாடி வந்து நிக்கறதே, யாராவது ஒரு நாள் அவனுக்காக ஒரு செபம் சொல்ல மாட்டாங்களான்னுதான். உங்க தம்பிய வரச் சொல்லுங்க. வந்து அவன் பேரச் சொல்லச் சொல்லுங்க. சொல்லாம ஓடினான்னா நானே வேலிக் கம்பு பிடுங்குவேன், ஆமா!"

சொல்லிவிட்டு அழுதாள். தெக்லா ஈரப் போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகப் பிழிந்து கொடியில் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் என்ன நடக்கப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. தெக்லா வருகிறாள் என்று மட்டும் தெரிந்து ஊர் மொத்தமும் கூடிவிட்டது. லிப்னிட்சாவிலிருந்து லுத்விக் நாலைந்து பேரைச் சைக்கிளில் கூட்டி வந்திருந்தான், வேடிக்கை பார்க்க. சைக்கிள்களில் சாய்ந்துகொண்டு நின்றார்கள்.

தெக்லா சிலுவைக்குப் பக்கத்தில் போய் நின்று ஊரைப் பார்த்துத் திரும்பினாள்.

"எல்லாரும் கேளுங்க. இது சூசையப்பர் சிலுவைன்னு சொன்னது நான். தப்பு என்னோடது. இது கொலை பண்ண ஒருத்தன் வச்ச கல்லு."

"அப்ப இனிமே பாட்டு யாருக்கு? கொலைகாரனுக்கா?" என்று லுத்விக் குரல் கொடுத்தான்.

"செத்தவனுக்கு" என்றாள் தெக்லா. "இந்த இடத்துல ஒருத்தன் விழுந்து செத்தான். பேர் தெரியாது. அவனுக்காக யாராவது ஒரு வார்த்த சொல்லட்டும்னு இந்தக் கல்லு ஐந்நூறு வருஷமா நிக்குது. நாம தினம் வந்து பக்கத்துல நின்னு பாடிட்டு, அவன மட்டும் விட்டுட்டுப் போயிட்டோம். உனக்குச் சிரிப்பு வந்தா சிரி லுத்விக். எனக்கு வரல."

லுத்விக் சிரிக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் எல்லார் கண்ணும் சாலைப் பக்கம் போய்விட்டது. ஃபெலிக்ஸ் வந்துகொண்டிருந்தான். வயல் வழியாக இல்லை, பெரிய சாலையின் நட்ட நடுவில். வெள்ளைச் சட்டை, கையில் தொப்பி. யாரும் சொல்லாமலே கூட்டம் விலகி வழி விட்டது. சிலுவைக்கு இந்தப் பக்கம் அவன் வந்து நின்றான். அந்தப் பக்கம் மர்செலா.

தெக்லா பாட ஆரம்பித்தாள். மன்றாட்டு மாலை முழுவதும் முடிந்தது. பிறகு, பேர் தெரியாத அந்த மனிதனுக்காக இறந்தவர்களுக்கான செபத்தைச் சொன்னாள். ஊர் பதில் சொன்னது.

இப்போது ஃபெலிக்ஸ் பேச வேண்டும். அவன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றான். தெக்லா துடித்துப்போனாள். ஊரில் எவருக்காகவும் முந்திக்கொண்டு பேசிப் பழகிய வாய் அது. தம்பிக்காக ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டு நின்றது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

"வலெந்தி கவ்ரோனுக்காக" என்றான் ஃபெலிக்ஸ், முன்வரிசைக்கு மட்டும் கேட்கும்படி. "நான் கொன்ன வலெந்திக்காக."

மர்செலா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சிலுவையின் குட்டைக் கைக்கு மேலாகத் தன் கையை நீட்டினாள்.

"கையக் குடு ஃபெலிக்ஸ். இன்னும் சத்தமா சொல்லு. அவனுக்கு ஒரு காது மந்தம், உனக்குத் தெரியாதா?"

அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, வயலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி வலெந்தியின் பெயரைச் சொன்னான். ஊர் முழுக்க அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லி செபித்தது. எனக்குப் பின்னால் லிப்னிட்சாக்காரர்களின் குரலும் கேட்டது. அவர்கள் எப்போது தொப்பியைக் கழற்றினார்கள் என்று நான் கவனிக்கவில்லை. நாங்கள் இந்த மண்ணுக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியிருந்தது. இது எங்கள் ஊர் என்று எனக்கு முழுசாகத் தோன்றியது அந்தச் சாயங்காலத்தில்தான்.

கூட்டம் கலைந்தபோது தெக்லா தம்பியின் கையைக் கோத்துக்கொண்டாள். கன்னமெல்லாம் ஈரம், துடைக்கக்கூட இல்லை. தலை மட்டும் வழக்கத்தைவிட நிமிர்ந்திருந்தது. அவனை இழுத்துக்கொண்டு நேராக லுத்விக்கின் சைக்கிளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இவன் என் தம்பி ஃபெலிக்ஸ்" என்றாள்.

லுத்விக் திருதிருவென்று விழித்தான். "எனக்குத் தெரியாதாங்க்கா? இருபது வருஷமா தெரியுமே."

"உனக்குத் தெரிஞ்சா போதுமா? நான் சொல்ல வேண்டாமா?"